கடைக்காரர் திறந்து தந்த மின்னஞ்சல் போதுமா? கைபேசியில் சொந்தக் கணக்கு அமைக்கும் முறை

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், புதிதாக வாங்கிய கைபேசியின் வெற்றுப் பெட்டியுடன் ஒருநாள் மாலை என்னிடம் வந்தார். “பெட்டியை எறிஞ்சிடாதேங்கோ எண்டு கடைப் பொடியன் சொன்னவன் தம்பி, அதுதான் பத்திரமா வைச்சிருக்கிறன்” என்றபடி அதைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கத்தில் நீலப் பேனையால் ஒரு மின்னஞ்சல் முகவரியும் அதன் கடவுச்சொல்லும் எழுதப்பட்டிருந்தன. முகவரியில் அவருடைய பெயர் இல்லை; கைபேசியின் மாதிரிப் பெயரும் அதைத் தொடர்ந்து ஐந்து இலக்கங்களும் இருந்தன. கடவுச்சொல்லின் கடைசிக் கோடு ஒன்று என்ற இலக்கமா, ஆங்கில ‘எல்’ எழுத்தா என்பதை இருவர் கண்ணாடி போட்டுப் பார்த்தும் தீர்மானிக்க முடியவில்லை. கனடாவில் இருக்கும் மகன் அனுப்பிய விசாப் பத்திரங்கள் அந்த முகவரிக்குப் போய்விட்டன. கைபேசியோ மீண்டும் கடவுச்சொல் கேட்டு நிற்கிறது. மீட்புக்கெனப் பதியப்பட்டிருந்த தொலைபேசி இலக்கம் கடைப் பையனுடையது.

அன்று கடைக்கு அழைப்பெடுத்து, பையன் தனக்கு வந்த ஆறு இலக்கக் குறியீட்டை வாசிக்க, நான் தட்டிக் கணக்கைத் திறந்தோம். அத்தகைய குறியீட்டைத் தொலைபேசியில் ஒருவருக்கும் வாசித்துக் காட்டக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் நானே அதை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

அண்ட்ரொய்ட் கைபேசியில் பிளே ஸ்டோரிலிருந்து எதையும் இறக்குவதற்குக் கூகுள் கணக்கு வேண்டும் என்பதால், புறக்கோட்டையிலும் பம்பலப்பிட்டியிலும் பல கடைகளில் அதைத் திறந்து கொடுப்பது விற்பனையோடு சேர்ந்த உபசாரமாகவே நடக்கிறது. வரிசையில் ஐந்து பேர் நிற்கும்போது பையன் விரைவாக முடிக்கத்தான் பார்ப்பார். ஆனால் நாலு வருடத்தில் கைபேசி மாறும், சிம் மாறக்கூடும், வாடகை வீடும் மாறும்; மின்னஞ்சல் முகவரி மட்டும் வங்கி, காப்புறுதி, பிள்ளையின் பாடசாலை, கடவுச்சீட்டு விண்ணப்பம், வெளிநாட்டு உறவினர் என்று எல்லா இடத்திலும் வேர்விட்டுப் போயிருக்கும். எந்தச் சேவை சிறந்தது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நாளை கணக்குப் பூட்டிக்கொண்டால் அதை யார் கையால் திறக்கலாம் என்பதையே நான் முதலில் கேட்பேன்.

எந்தச் சேவை

அண்ட்ரொய்ட் கைபேசி வைத்திருக்கும் பெரும்பாலானவர்களுக்கு ஜிமெயிலே போதும். ஏற்கெனவே தேவைப்படும் கூகுள் கணக்கோடு அது வந்துவிடுவதால் இரண்டாவது சேவை ஒன்றைத் தேடிப் போவதில் பெரிய ஆதாயம் இல்லை. 2004 ஏப்ரல் 1 ஆம் திகதி அது 1 ஜிபி இடத்துடன் அறிவிக்கப்பட்டபோது, முட்டாள்கள் தினப் பகிடி என்று நம்பாமல் விட்டவர்கள் உண்டு. இன்று இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அந்த 15 ஜிபியும் கடிதங்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கூகுள் டிரைவில் உள்ள கோப்புகள் அதில் சேரும். 2021 ஜூன் முதலாம் திகதிக்குப் பின்னர் கூகுள் போட்டோஸில் ஏற்றப்பட்ட படங்கள் சேரும். 2024 ஆம் ஆண்டிலிருந்து அண்ட்ரொய்ட் கைபேசிகளின் வட்ஸ்அப் காப்புப் பிரதியும் அதே கணக்கில் விழுகிறது. ஆகவே குடும்பக் குழுவில் நாள்தோறும் வரும் காலை வணக்கப் படங்களும் தேர்த் திருவிழாக் காணொளிகளும் சத்தமில்லாமல் இடத்தை நிரப்பிவிட, ஒருநாள் வங்கியின் கடிதம் உள்ளே நுழைய இடமின்றித் திரும்பிப் போகும். ஜிமெயில் செயலியின் மேல் மூலையிலுள்ள உங்கள் படத்தைத் தொட்டால் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று தெரியும். அது முக்கால் பங்கைத் தாண்டியிருந்தால், வட்ஸ்அப் அமைப்புகளில் காப்புப் பிரதிப் பகுதிக்குச் சென்று, காணொளிகளைச் சேர்க்கும் தெரிவை நிறுத்திவிடுங்கள். காசு கொடுத்து மேலதிக இடம் வாங்குவதை அதற்குப் பின்னர் யோசிக்கலாம்.

மைக்ரோசொப்டின் அவுட்லுக் சேவையும் அஞ்சற்பெட்டிக்கு 15 ஜிபி தருகிறது. அலுவலகத்தில் வேர்ட், எக்செல் ஆகியவற்றோடு நாள் முழுவதும் இருப்பவர்களுக்கு அதன் நாட்காட்டி இசைவாக இருக்கும். 1996 இல் தொடங்கிய ஹொட்மெயிலின் வாரிசு இதுவே. நெற் கபேயில் மணித்தியாலக் கணக்கில் காசு கொடுத்து ஹொட்மெயில் திறந்த தலைமுறையினரின் முகவரி இன்னும் உயிரோடு இருந்தால், அதே முகவரியை அவுட்லுக் செயலியில் பயன்படுத்தலாம். பழைய யாஹூ முகவரி வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: பன்னிரண்டு மாதங்கள் எட்டிப் பார்க்காவிட்டால் யாஹூ அஞ்சற்பெட்டியை வெறுமையாக்கிவிடும். கூகுள் இரண்டு வருடம் பொறுத்திருக்கும். அதன்பின் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்குவதை 2023 டிசம்பரில் தொடங்கியது.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு அப்பிளின் ஐகிளவுட் முகவரி எளிது. ஆனால் இலவச இடம் 5 ஜிபி மட்டுமே, அதையும் படங்களும் கைபேசியின் காப்புப் பிரதியும் பங்குபோடும். அடுத்த முறை அண்ட்ரொய்டுக்கு மாறக்கூடும் என்று தோன்றினால், முதன்மை முகவரியை அங்கே வைக்காமல் இருப்பது நல்லது. 2019 இல் அமெரிக்கா விதித்த கட்டுப்பாடுகளுக்குப் பின்னர் வெளிவந்த ஹுவாவி கைபேசிகளில் கூகுள் சேவைகள் இல்லை. அவற்றை வாங்கியவர்கள் அதனுடன் வரும் அஞ்சல் செயலியிலோ அவுட்லுக்கிலோ ஜிமெயிலைச் சேர்த்துப் பார்க்கலாம்.

இரகசியம் முக்கியமெனக் கருதும் சட்டத்தரணிகளும் ஊடகவியலாளர்களும் சுவிட்சர்லாந்தின் புரோட்டன் மெயிலைக் கேட்கிறார்கள். 2014 இல் தொடங்கப்பட்ட அச்சேவையில், அஞ்சற்பெட்டியில் உள்ள கடிதங்களை நிறுவனமே திறந்து படிக்க இயலாதபடி அவை மறைகுறியாக்கப்படுகின்றன. அதற்கு ஒரு விலை உண்டு. கடவுச்சொல்லை மறந்துவிட்டு, முன்கூட்டியே எடுத்து வைக்கச் சொன்ன மீட்புச் சொற்றொடரும் இல்லாமற்போனால், கணக்கு திரும்பக் கிடைத்தாலும் பழைய கடிதங்கள் திறக்கமாட்டா. மறதியுள்ள ஒருவருக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். சொந்தக் கடைப் பெயரில் முகவரி வேண்டும் சிறு வணிகர்கள், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோவையும் கூகுள், மைக்ரோசொப்ட் ஆகியவற்றின் கட்டணத் திட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்கு முதலில் இணையப் பெயர் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் அது வேறொரு நாளுக்குரிய வேலை.

இணைய இணைப்போடு இலவசமாகக் கிடைக்கும் முகவரியையும் அலுவலக முகவரியையும் சொந்த வாழ்க்கைக்குப் பயன்படுத்தவே வேண்டாம். கொட்டாஞ்சேனையில் இருந்த காலத்தில் வீட்டு இணைப்போடு வந்த முகவரியை நான் எட்டு வருடம் எல்லா இடத்திலும் எழுதிக் கொடுத்திருந்தேன். வீடு மாறி இணைப்பை நிறுத்திய சில வாரங்களில் முகவரியும் நின்றது. அந்த எட்டு வருடக் கடிதங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. நிறுவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, நான் கையெழுத்திட்ட படிவத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

முகவரிக்கு எந்தப் பெயர்

கணக்குத் திறக்கும்போது மிகக் குறைந்த நேரம் செலவிடப்படுவது இதற்குத்தான்; பின்னர் மிக அதிகமாக வருந்த வைப்பதும் இதுதான். நம்முடைய பெயர்கள் நீளமானவை. ஒரே பெயரை ஒருவர் ‘ரீஎச்’ சேர்த்தும் இன்னொருவர் சேர்க்காமலும், ஒருவர் ஒற்றை ‘ஏ’ யோடும் மற்றவர் இரட்டை ‘ஏ’ யோடும் ஆங்கிலத்தில் எழுதுகிறோம். கொழும்பில் ஒரு வங்கிக் கருமபீடத்திலோ தனியார் மருத்துவமனையின் பதிவு மேசையிலோ உங்கள் முகவரியை வாயால் சொல்லும்போது, கேட்டு எழுதுபவர் தமிழ்ப் பெயர்களுக்குப் பழக்கமில்லாதவராக இருக்கலாம். அவர் ஒரே தடவையில் பிழையில்லாமல் எழுதக்கூடிய முகவரியே நல்ல முகவரி. முழுப் பெயரையும் நீட்டி எழுதுவதைவிட, தந்தையின் பெயரின் முதலெழுத்தும் உங்கள் பெயரின் சுருங்கிய வடிவமும் போதும். தெரிவு செய்த பெயரை வீட்டில் ஒருவருக்கு வாயால் மட்டும் சொல்லி எழுதச் செய்து பாருங்கள். அவர் இரண்டு முறை திருப்பிக் கேட்டால் வேறு பெயர் யோசியுங்கள்.

பிறந்த ஆண்டு, தேசிய அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை முகவரியில் வைக்கவேண்டாம். தெரியாதவர்களுக்கும் போகும் முகவரியில் அவை தேவையற்ற தகவல்கள். வேலைத்தலத்தின் பெயரும் பாடசாலையின் பெயரும் சில வருடங்களில் பொருந்தாமற் போய்விடும். ஜிமெயில் முகவரிக்கு ஆறு முதல் முப்பது எழுத்துகள் வரை வைக்கலாம், நடுவிலுள்ள புள்ளிகளை அது கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் வேறு பல சேவைகளில் புள்ளி இருக்கும் முகவரியும் இல்லாத முகவரியும் இரு வேறு ஆட்களுடையவை. ஆதலால் புள்ளியே இல்லாமல் வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும். முகவரியையே தமிழ் எழுத்தில் வைக்கலாமா என்று ஆசையோடு கேட்பவர்கள் உண்டு. ‘.இலங்கை’ என்ற இணையப் பெயர் 2010 இலேயே வந்துவிட்டது, தமிழ் எழுத்து முகவரிகளுக்கான தொழில்நுட்ப விதிகளும் உள்ளன. ஆயினும் நாம் நாள்தோறும் நிரப்பும் படிவங்களிற் பல அத்தகைய முகவரியைப் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும். அனுப்புநர் பெயரைத் தமிழில் வைத்துக்கொள்வதற்கு அப்படியான தடை இல்லை.

கணக்கைத் திறத்தல்

இந்த வேலையை வீட்டில், சொந்த சிம் உள்ள கைபேசியில், அவசரமில்லாத ஒரு மாலையில் செய்யுங்கள். ஒரு கொப்பியும் பேனையும் பக்கத்தில் இருக்கட்டும்.

அண்ட்ரொய்டில் அமைப்புகளைத் திறந்து, கணக்குகள் என்ற பகுதிக்குப் போய், கணக்கைச் சேர்க்கும் தெரிவைத் தொட்டு, கூகுளைத் தெரிவு செய்து, புதிய கணக்கு, சொந்தப் பயன்பாட்டுக்கு என்ற வழியில் செல்லவேண்டும். சாம்சங், ஷாவ்மி என்று கைபேசிக்குக் கைபேசி தலைப்புகள் சற்று மாறினாலும் ‘கணக்கு’ என்ற சொல்லைத் தேடிப் போனால் இடம் தவறாது. ஐபோனில் ஜிமெயில் செயலியை இறக்கித் திறந்தாலே புதிய கணக்குத் திறக்கும் வழியும் காட்டப்படும்.

பெயர் கேட்கும் இடத்தில் கடவுச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலையே கொடுங்கள். விசா விண்ணப்பம், விமானச் சீட்டு முதலியவற்றுக்கு அனுப்பப்படும் கடிதங்களில் அந்தப் பெயரே தெரிய வேண்டும். பிறந்த திகதியில் கவனம் தேவை. வயதானவர்கள் நாளையும் மாதத்தையும் சரியாகப் போட்டுவிட்டு ஆண்டை அவசரத்தில் பிழையாகப் போட, எழுபது வயதுப் பெரியவர் கூகுளின் கண்ணுக்குச் சிறு பிள்ளையாகிவிடுகிறார். பெரும்பாலான நாடுகளில் பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்கள் தாமாகக் கணக்கு வைத்திருக்க முடியாது என்பதால், அதன்பின் வயதை நிரூபிக்கும் சிக்கலில் இறங்க வேண்டிவரும்.

கடவுச்சொல்லுக்குக் குறைந்தது எட்டு எழுத்துகள் கேட்கப்படும். நான் சொல்லிக் கொடுக்கும் முறை, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதி, நடுவில் ஓர் இலக்கத்தைச் செருகுவது: முருங்கை, தண்டவாளம், புதன், குடை என்பதுபோல. இருபது எழுத்தைத் தாண்டிப் போனாலும் மனதில் நிற்கும், வெளியாருக்கு ஊகிக்கவும் வராது. இங்கே அச்சாகிவிட்ட இந்த நான்கையும் விட்டுவிட்டு உங்கள் சொற்களை நீங்களே தேடிக்கொள்ளுங்கள். குலதெய்வத்தின் பெயரும் பேரப்பிள்ளையின் பெயரும் வேண்டாம். அவற்றை அறிந்தவர்கள் அதிகம். அதே கடவுச்சொல்லை வேறு எங்கும் போடவும் வேண்டாம். கொப்பியில் எழுதி வைப்பது தவறில்லை. அந்தக் கொப்பி காணி உறுதி இருக்கும் அலுமாரியில் இருக்கட்டும், கைபேசியின் உறைக்குள் இருக்கவேண்டாம்.

தொலைபேசி இலக்கம் கேட்கப்படும்போது, முன்னால் +94 என்ற நாட்டுக் குறியீடு இருந்தால், 077, 071, 078 முதலியவற்றின் தொடக்கப் பூச்சியத்தை விட்டுவிட்டு மீதி ஒன்பது இலக்கங்களைத் தட்டுங்கள். பூச்சியத்தோடு தட்டியதால் குறுஞ்செய்தி வரவில்லை என்று அரை மணித்தியாலம் காத்திருந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். குறியீடு வராவிட்டால், ஒரு நிமிடத்துக்குள் மூன்று நாலு தடவை மீண்டும் மீண்டும் கேட்காதீர்கள். அவ்வாறு கேட்டால் சிறிது நேரத்துக்கு வழியே அடைக்கப்படலாம். பதிவது உங்கள் பெயரில் பதிவான சிம்மின் இலக்கமாக இருக்க வேண்டும் என்பதைத் திரும்பவும் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனெனில் தம்பியின் பழைய சிம்மையும் வாடகைக்கு இருந்த பெடியன் விட்டுப்போன சிம்மையும் பாவிப்பவர்கள் எங்கள் மாடியிலேயே இருக்கிறார்கள்.

பூட்டிக்கொண்டால் திறப்பதற்கு

பெரும்பாலானவர்கள் முதற் கடிதம் வந்தவுடன் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். இன்னும் பதினைந்து நிமிடம் இருங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று மூன்று காரியங்களைச் செய்யவேண்டும். மீட்பு மின்னஞ்சல் என்ற இடத்தில், நம்பிக்கைக்குரிய வேறொருவரின் முகவரியைக் கொடுங்கள். கணவன் மனைவி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளலாம், பெற்றோருக்குப் பிள்ளையின் முகவரி பொருந்தும். மீட்புத் தொலைபேசியாக உங்கள் இலக்கத்தைப் பதியுங்கள். பின்னர் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள். அதன்பின் புதிய கருவியில் நுழைய, கடவுச்சொல்லோடு கைபேசியில் தோன்றும் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதிலளிக்கவோ குறுஞ்செய்திக் குறியீட்டைத் தட்டவோ வேண்டும்.

கொழும்பிலிருந்து வெளிநாடு போகும் குடும்பங்களுக்கு இந்த இரண்டாவது படியே வினையாகிவிடுகிறது. கட்டுநாயக்காவில் விமானம் ஏறி ரொறன்ரோவில் இறங்கிப் புதிய கைபேசி வாங்கியவர், தன் கணக்கில் நுழைய முனையும்போது, குறியீடு இங்கே மேசை இழுப்பறையில் கிடக்கும் இலங்கைச் சிம்முக்குப் போகும். ரோமிங் இல்லாவிட்டால் அது கிடைக்காது. நீண்ட காலம் ரீலோட் செய்யப்படாத முற்கொடுப்பனவுச் சிம் செயலிழந்து, அதே இலக்கம் பிறகு வேறொருவருக்கு வழங்கப்படவும் கூடும். இதற்கென்றே காப்புக் குறியீடுகள் இருக்கின்றன. இரண்டு படிச் சரிபார்ப்புப் பக்கத்தில் அவற்றைக் கேட்டால் எட்டு இலக்கங்கள் கொண்ட பத்துக் குறியீடுகள் தரப்படும். ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் வேலை செய்யும். அவற்றைக் கடதாசியில் எழுதி ஒரு பிரதியைக் கொப்பியிலும், பயணம் போகும்போது இன்னொரு பிரதியைக் கடவுச்சீட்டோடும் வையுங்கள். கைபேசியில் படமெடுத்து அதே கைபேசியில் வைத்திருப்பதில் அர்த்தமில்லை, தொலையும்போது இரண்டும் சேர்ந்தே தொலையும்.

கடையில் திறந்த கணக்கைப் பல வருடம் பாவித்துவிட்டவர்கள் அதைக் கைவிடவேண்டும் என்பதில்லை. அந்த ஆசிரியைக்குச் செய்ததுபோல, முதலில் கடவுச்சொல்லை மாற்றி, கருவிகளின் பட்டியலில் அறிமுகமில்லாத கருவிகள் அனைத்தையும் வெளியேற்றி, மீட்பு இலக்கத்தையும் மீட்பு மின்னஞ்சலையும் மாற்றுங்கள். இலக்கத்தை மாற்றிய பின்னரும் ஏழு நாட்கள் வரை பழைய இலக்கத்துக்கும் மீட்புக் குறியீடு அனுப்பும் வாய்ப்பைக் கூகுள் திறந்து வைத்திருக்கும். ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை பாதுகாப்புப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது கணக்கும் அலுவலகக் கணக்கும்

ஜிமெயில் செயலியிலேயே அவுட்லுக், யாஹூ முகவரிகளையும் சேர்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு செயலி தேவையில்லை. பட்டியலில் இல்லாத சேவை என்றால் ‘மற்றவை’ என்பதைத் தெரிந்து, ஐமாப் அல்லது பாப் என்ற இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாப் முறை கடிதங்களை ஒரு கருவிக்கு இறக்கி வைப்பதற்காக உருவானது. ஐமாப் முறையில் கடிதங்கள் சேவை நிறுவனத்தின் கணினியான வழங்கியில் இருக்க, கைபேசியும் கணினியும் ஒரே பெட்டியைப் பார்க்கின்றன. சந்தேகமில்லாமல் ஐமாப்பைத் தெரியுங்கள். வழங்கியின் பெயரைச் சேவை வழங்குநர் தருவார். உள்வரும் கடிதத்துக்குப் பாதுகாப்பான இணைப்பின் போர்ட் இலக்கம் வழக்கமாக 993, வெளிச்செல்லும் கடிதத்துக்கு 465 அல்லது 587.

பழைய கைபேசியின் அஞ்சல் செயலி சரியான கடவுச்சொல்லையே பிழை என்று சொன்னால் குழம்பவேண்டாம். வெறும் கடவுச்சொல்லோடு வெளிச் செயலிகள் நுழையும் பழைய முறையைக் கூகுள் 2022 இலும், தனிநபர் அவுட்லுக் கணக்குகளுக்கு மைக்ரோசொப்ட் 2024 இலும் நிறுத்தத் தொடங்கிவிட்டன. செயலியைப் புதுப்பிப்பது, அது முடியாவிட்டால் அந்தந்தச் சேவையின் சொந்தச் செயலியை நிறுவுவது என்பவையே எளிய தீர்வுகள். ஐபோனின் மெயில் செயலியில் சேர்த்த ஜிமெயிலுக்குக் கடிதங்கள் உடனுக்குடன் தள்ளப்படுவதில்லை. குறித்த இடைவெளியில் போய் எடுத்துவரப்படுகின்றன. வங்கிக் குறியீட்டுக்காக அவசரமாகக் காத்திருப்பவர்கள் ஜிமெயில் செயலியையே வைத்துக்கொள்ள வேண்டும்.

அலுவலகக் கணக்கைச் சொந்தக் கைபேசியில் சேர்க்கும்போது, நிர்வாகி இக்கருவியின் தரவை அழிக்கலாம் என்ற அனுமதி கேட்கப்பட்டால், வாசிக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலையை விட்ட நாளில் குடும்பப் படங்களும் சேர்ந்து அழியக்கூடிய அமைப்புகள் உண்டு. தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் கேட்டுத் தெளிவதில் வெட்கமில்லை.

நாளாந்தப் பாவனைக்கு

அறிவிப்புகளை எல்லாக் கடிதங்களுக்கும் ஒலிக்க விட்டால், விளம்பரத்துக்கும் வங்கிக்கும் ஒரே சத்தம் கேட்டுக் காது மரத்துவிடும். ஜிமெயிலின் அறிவிப்பு அமைப்பில் முக்கியமானவற்றுக்கு மட்டும் என்று வையுங்கள். டேட்டாப் பொதி குறைவாக உள்ளவர்கள், கடிதங்களில் வரும் வெளிப் படங்களைக் கேட்டபின் காட்டும்படி மாற்றினால் செலவும் குறையும், நீங்கள் திறந்தீர்களா என்று விளம்பரதாரர் வேவு பார்ப்பதும் தடைப்படும். தவறுதலாக அனுப்பிய கடிதத்தை, திரையின் அடியில் ‘செயல்தவிர்’ என்ற சொல் மறைவதற்குள் தொட்டால் திரும்பப் பெறலாம். கணினியில் அனுப்பும் கடிதங்களுக்கு அந்த அவகாசத்தை முப்பது விநாடி வரை நீட்டிக்கொள்ள முடியும்.

தமிழில் எழுத, விசைப்பலகை அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும். குரலால் சொல்லி எழுதச் செய்யவும் முடியும், மூட்டு வலியுள்ள முதியவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் வந்த ஆவணம் ஒன்றைத் திறந்தவுடன் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகத் தெரிந்தால், கைபேசி பழுதாகிவிட்டது என்று எண்ணவேண்டாம். அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. அந்த எழுத்துருவில் அரைப்புள்ளிக்குரிய விசைதான் மெய்யெழுத்தின் புள்ளியைத் தரும். சில பாடசாலைகளிலும் சங்கங்களிலும் இன்றும் அதில்தான் கடிதம் அடிக்கிறார்கள். அனுப்பியவரிடம் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பச் சொன்னால் எந்தக் கைபேசியிலும் சரியாகத் தெரியும்.

கடிதத்தோடு இணைத்து அனுப்பும் கோப்புகளுக்கு ஜிமெயிலின் எல்லை 25 எம்பி. கடிதத்தை அச்செடுக்கச் சந்தியிலுள்ள கொமியுனிகேஷன் கடைக்குப் போகும்போது, அங்குள்ள கணினியில் உங்கள் கணக்கில் நுழையாதீர்கள். தேவையான கோப்பைக் கைபேசியிலிருந்தே கடையின் முகவரிக்கு அனுப்பிவிடலாம். ஏற்கெனவே நுழைந்துவிட்டு வெளியேற மறந்திருந்தால், வீட்டுக்கு வந்து பாதுகாப்புப் பகுதியின் கருவிப் பட்டியலிலிருந்து அந்தக் கணினியை வெளியேற்றலாம்.

தபால் திணைக்களத்தின் பெயரில், பொதி ஒன்று காத்திருக்கிறது, சிறு கட்டணம் செலுத்துங்கள் என்று வரும் போலிச் செய்திகள் இலங்கையில் பலரை ஏமாற்றியுள்ளன. மின்னஞ்சலில் அனுப்புநர் பெயரை யாரும் எப்படியும் எழுதிக்கொள்ளலாம். அந்தப் பெயரைத் தொட்டால் உண்மையான முகவரி விரியும். பெயர் வங்கியுடையதாகவும் முகவரி ஏதோ ஒரு கடையுடையதாகவும் இருந்தால் சங்கதி விளங்கிவிடும். உண்மை என்று தோன்றினாலும் கடிதத்திலுள்ள இணைப்பின் வழியே போகாமல், வங்கியின் செயலியை நீங்களாகத் திறந்து பாருங்கள்.

பழைய கைபேசியைக் கொடுக்கும்போது

பம்பலப்பிட்டியிலோ கொள்ளுப்பிட்டியிலோ பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கப் போகும் நாளில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் புதிய கைபேசியில் கணக்கைச் சேர்த்து, கடிதங்களும் தொடர்பு இலக்கங்களும் வந்து சேர்ந்தனவா என்று பார்க்கவேண்டும். பழையதிலுள்ள சிம்மை அதுவரை கழற்றவேண்டாம், குறியீடு அதற்கு வரலாம். அதன்பின் பழைய கைபேசியின் அமைப்புகளில் கணக்கை நீக்கிவிட்டு, எல்லாத் தரவையும் அழிக்கும் தெரிவைச் செய்யவேண்டும். கணக்கை நீக்காமல், பொத்தான்களை அழுத்திப் பிடித்துத் திறக்கும் மீட்புத் திரை வழியாக அழித்தால், அண்ட்ரொய்டின் திருட்டுத் தடுப்புப் பூட்டு விழித்துக்கொண்டு, முன்னைய உரிமையாளரின் கணக்கைக் காட்டு என்று நிற்கும். வாங்கியவர் கடைக் கருமபீடத்தில் நின்றபடி உங்களை அழைத்துக் கடவுச்சொல் கேட்பார்; அப்போது அதைச் சொல்லவும் கூடாது, சொல்லாமல் அவருடைய காசுக்குப் பதில் சொல்லவும் முடியாது. கடையை விட்டு இறங்குமுன் புதிய கைபேசியில் கருவிப் பட்டியலைத் திறந்து, பழைய கைபேசியின் பெயர் இன்னும் அங்கே இருந்தால் அதைத் தொட்டு வெளியேற்றிவிடுங்கள்.